பழைய பேக்கேஜ் கோரிக்கைகளை மூடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையோடு கோவை, ஈரோடு பக்கக் கல்லூரிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது டபிள்யூஎன்பிபி பட்டியலைத்தான். ஆள் தேவைப்படும் பேக்கேஜ்களும் இனி வரவேண்டிய பேக்கேஜ்களும் அதில் இருக்கும். பேக்கேஜ் என்றால் டெபியனில் அப்படியே நிறுவும்படி கட்டிய மென்பொருள். 'இந்த மென்பொருளை யாராவது பேக்கேஜ் செய்து கொடுங்கள்' என்று கேட்டால் அது ஆர்எஃப்பி. 'நான் செய்கிறேன்' என்று ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டால் ஐடிபி. இரண்டும் டெபியனின் பிழைப் பதிவேட்டில் ஓர் எண்ணோடு 'பக்' என்றே பதிவாகும். வருடக்கணக்கில் யாரும் தொடாதவை அதில் நிறையக் கிடக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்ய சி மொழி தெரிய வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும்.

"ஏனுங்ணா, பத்து வருசமா ஒரு பதிலும் வரலீங்க, மூடிரலாமுங்களா?" என்று திருப்பூர்த் தம்பி ஒருவர் கேட்டார். இல்லை. பழசாகிவிட்டது என்பது மட்டும் மூடுவதற்குக் காரணம் ஆகாது. மென்பொருள் இன்றும் வெளிவந்துகொண்டிருக்கலாம், லைசென்சும் சரியாக இருக்கலாம். எடுத்துச் செய்ய ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட கோரிக்கை திறந்தே இருக்கட்டும். நாளைக்கு ஒருவர் தேடி வந்தால், முன்பு பேசியதெல்லாம் அவர் கண்ணில் படும். டெபியனில் ஒன்று சேர்ந்தால் அது உபுண்டுவுக்கும் மின்டுக்கும் போகிறது. நம் அரசு மடிக்கணினிகளில் நிறையப் பேர் பார்த்த பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து வந்ததுதான்.

மூடத் தகுந்த காரணங்கள் வேறு. அந்த மென்பொருள் ஏற்கெனவே டெபியனுக்குள் வந்திருக்கலாம். பெயரை அப்படியே போட்டுத் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பைத்தான் நூலகம் என்றால் பெயருக்கு முன்னால் 'பைத்தான்3-' சேர்ந்திருக்கும். பெர்ல் நூலகத்துக்கு முன்னால் 'லிப்', பின்னால் '-பெர்ல்'. எழுத்துரு என்றால் 'ஃபான்ட்ஸ்-' என்று தொடங்கும். லோகித் தமிழ் எழுத்துருவும் அப்படித்தான் இருக்கிறது. அதனால் விளக்கக் குறிப்புகளிலும் தேடுங்கள். அப்புறம் 'நியூ' வரிசையையும் பாருங்கள். புதிய பேக்கேஜ் அப்லோட் ஆனாலும் டெபியன் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் எஃப்டிபி குழுவினர் லைசென்சைப் பார்த்து ஒப்புதல் தரும்வரை அங்கே காத்திருக்கும். அந்த நேரத்தில் பக்கை மூடினால், உழைத்தவருக்கு மனக்கசப்புதான் மிஞ்சும்.

இணைப்பு திறக்கவில்லை என்பதும் போதாது. மென்பொருள் திட்டங்களின் கோடை வைத்திருந்த கூகுள் கோட் தளம் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அந்த முகவரியோடு நிற்கும் கோரிக்கைகளை இன்றும் பார்க்கலாம். அங்கிருந்த திட்டங்களில் பல கிட்ஹப்புக்கு மாறிவிட்டன. புது இடத்தைக் கண்டுபிடித்து பக்கில் எழுதி வைத்தால் மூடுவதை விடப் பெரிய உதவி. மாறாக, மென்பொருள் பைத்தான் 2-இல் மட்டுமே ஓடும், அதைப் பார்த்துக்கொள்ளவும் யாரும் இல்லை என்றால் தயங்காமல் மூடலாம். 2023-இல் வந்த டெபியன் 12-லிருந்து பைத்தான் 2 கிடையாது.

ஐடிபியை மூடுவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஏற்றுக்கொண்டவர் கைவிட்டிருக்கலாம், ஆனால் மென்பொருள் நல்ல மென்பொருள். அங்கே செய்ய வேண்டியது தலைப்பை ஆர்எஃப்பி என்று மாற்றி, உரிமையாளர் பெயரை நீக்குவது. பக்கை மாற்றும் கட்டளைகளை மெயிலில் ஏற்கும் கன்ட்ரோல் முகவரிக்கு 'ரீடைட்டில்', 'நோஓனர்' என்ற இரண்டு கட்டளைகள் போதும். அதற்கு முன்னால் அவருக்கு நேரடியாக ஒரு மெயில் போட்டு, கொஞ்ச நாள் காத்திருங்கள். டெபியனின் கோட் சேமிப்புத் தளமான சால்சாவில் பாதி வேலை முடிந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த இணைப்பை பக்கில் சேர்த்துவிடுங்கள், அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

கேட்டவரிடமும் அதே மரியாதை வேண்டும். பக் எண்ணுக்கு மட்டும் எழுதிவிட்டு அவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். எண்ணோடு 'சப்மிட்டர்' சேர்த்த முகவரிக்கும் நகல் அனுப்புங்கள். நேரில் இருந்தால் "இது இன்னும் உங்களுக்கு வேணுங்களா?" என்று எப்படிக் கேட்போமோ, மெயிலிலும் அப்படியே கேளுங்கள். 'மூடப்பட்டது' என்ற ஒற்றை வரி, மெனக்கெட்டு எழுதிக் கேட்டவரைப் புண்படுத்தும். கன்ட்ரோலில் 'க்ளோஸ்' கட்டளை போடுவதிலும் இதே குறைதான்: மூடிய செய்தி போகும், நீங்கள் எழுதிய விளக்கம் போகாது. அதனால்தான் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். எண்ணோடு 'டன்' சேர்த்த முகவரிக்குக் காரணத்தை எழுதி அனுப்பினால், பக்கும் மூடும், காரணமும் கேட்டவர் கைக்குப் போகும். என்ன தேடினீர்கள், எங்கே பார்த்தீர்கள், என்ன மாறினால் மறுபடியும் திறக்கலாம் என்று மூன்று நான்கு வரி எழுதுங்கள்.

ஒரே ராத்திரியில் நூறு பக்கை மூடும் வேகம் வேண்டாம். வரும் பதில்களைப் படிக்கவே நேரம் இருக்காது. மூடிய பக் 28 நாள் அசைவில்லாமல் இருந்தால் ஆவணத்துக்குப் போய்விடும். அதன்பின் மறுப்பு வந்தால் முதலில் 'அன்ஆர்க்கைவ்' செய்து, பிறகு 'ரீஓபன்' செய்ய வேண்டும். அந்த 28 நாளும் உங்கள் இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.