என்எஸ்-2 திறக்கும் முன்: டிசிஎல்லில் நான்கு குறிகள்

ப்ராஜெக்ட்டுக்காக என்எஸ்-2 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரைப் பழக வருகிறவர்களில் பலர் எங்கிருந்தோ இறக்கிய நீளமான வயர்லெஸ் ஸ்கிரிப்ட் ஒன்றோடுதான் என்னிடம் வருகிறார்கள். "நோடு எண்ணிக்கையை மட்டும் மாத்தினேன் சார், எரர் வருது" என்பார்கள். அந்த ஃபைலை மூடச் சொல்லிவிட்டு, டிசிஎல்எஸ்ஹெச் என்ற வெறும் டிசிஎல் ஷெல்லைத் திறக்கச் சொல்வேன்.

என்எஸ்-2வில் பாக்கெட்டை நகர்த்தும் வேலையைச் செய்வது சி++. எந்த நோடு, எந்த லிங்க், எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று ஏவுவது மட்டும் டிசிஎல் என்ற ஸ்கிரிப்ட் மொழி. சரியாகச் சொன்னால், அதில் ஆப்ஜெக்ட் சேர்த்த ஓடிசிஎல். 1988-ல் ஜான் ஔஸ்டர்ஹவுட் பெர்க்லியில் இந்த மொழியை உருவாக்கியதே வேறு மென்பொருளுக்குள் பதித்து அதற்குக் கட்டளை கொடுக்கத்தான். அதனால் மொழி சின்னது. நான்கு குறிகள் பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. (கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியம்.)

செட் எக்ஸ் 5
புட்ஸ் எக்ஸ்
புட்ஸ் $எக்ஸ்

இரண்டாவது வரி எக்ஸ் என்ற எழுத்தையே அச்சிடும், மூன்றாவதுதான் 5. மதிப்பைப் போடும்போது டாலர் கிடையாது, எடுக்கும்போது உண்டு. சதுர அடைப்பு, உள்ளே இருப்பதை முதலில் ஓட்டிவிட்டு விடையை அந்த இடத்தில் வைக்கும்: செட் ஒய் [எக்ஸ்ப்ர் $எக்ஸ் + 2]. எக்ஸ்ப்ர் இல்லாமல் $எக்ஸ்+2 என்று கொடுத்தால் ஒய்-க்குள் 5+2 என்ற எழுத்துச் சரம்தான் உட்காரும். டிசிஎல்லுக்கு எல்லாமே சரம். கணக்கு எக்ஸ்ப்ருக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் 5/2 கேட்டால் 2 என்றே சொல்லும், 5.0/2 என்றால்தான் 2.5. த்ரூபுட் (விநாடிக்குப் போய்ச் சேரும் தரவு) பூஜ்யமாக வருகிறதென்றால் முதலில் இங்கே தேடுங்கள்.

மீதி இரண்டும் இரட்டை மேற்கோளும் நெளி அடைப்பும். மேற்கோளுக்குள் டாலரும் சதுர அடைப்பும் உடனே விரியும், அதாவது மதிப்பாக மாறும். நெளி அடைப்புக்குள் எதுவும் விரியாது, அப்படியே கட்டிக் கொடுத்துவிடும். சிமுலேஷனில் பெரும்பாலான குழப்பம் இந்த இடத்தில்தான். காரணம், ஸ்கிரிப்டுக்கு இரண்டு நேரங்கள் உண்டு. ஃபைலை வரிவரியாகப் படிக்கும் நேரம் ஒன்று. கடைசி வரியில் $என்எஸ் ரன் சொன்ன பிறகு ஓடும் சிமுலேஷன் நேரம் இன்னொன்று. அதுவரை ஒரு பாக்கெட்டும் நகராது, எல்லாம் திட்டம் போடுவதுதான்.

$என்எஸ் அட் 1.0 "$சிபிஆர்($ஐ) ஸ்டார்ட்"

சிபிஆர் என்பது சீரான இடைவெளியில் பாக்கெட் அனுப்பும் மூலம். ஐ 0 முதல் 4 வரை ஓடும் ஃபார் சுற்றுக்குள் இப்படி எழுதினால் ஐ-யின் அப்போதைய மதிப்பு பதிவாகிவிடும். மேற்கோளை எடுத்துவிட்டு நெளி அடைப்பு போட்டால், 1.0 விநாடி வரும்போதுதான் ஐ-யைப் பார்க்கும். அதற்குள் சுற்று முடிந்து ஐ 5 ஆகியிருக்கும், சிபிஆர்(5) என்று ஒன்று இருக்கவே இருக்காது. நோடு எண்ணிக்கையை மாற்றியதும் எரர் வந்தால் இதையும் பாருங்கள்.

சின்ன விஷயங்கள் சில: இஃப்-க்கும் அடைப்புக்கும் நடுவே இடைவெளி கட்டாயம். சி பழகியவர்கள் திறக்கும் நெளி அடைப்பை அடுத்த வரிக்கு இறக்குவார்கள். இங்கே அது இஃப் இருக்கும் வரியிலேயே இருக்க வேண்டும். ப்ராக்குக்குள் (டிசிஎல்லின் ஃபங்ஷன்) வெளி மாறி தெரியாது, குளோபல் சொல்ல வேண்டும். கமென்ட்டில்கூட நெளி அடைப்பு ஜோடியாக இல்லையென்றால் ப்ராக் கெட்டுப்போகும்.

சரி, இப்போது என்எஸ்-2.

செட் என்எஸ் [நியூ சிமுலேட்டர்]
செட் டிஎஃப் [ஓப்பன் அவுட்.டிஆர் டபிள்யூ]
$என்எஸ் ட்ரேஸ்-ஆல் $டிஎஃப்
செட் என்0 [$என்எஸ் நோடு]
செட் என்1 [$என்எஸ் நோடு]
$என்எஸ் டூப்ளெக்ஸ்-லிங்க் $என்0 $என்1 1எம்பி 10எம்எஸ் டிராப்டெயில்

ட்ரேஸ்-ஆல் வரி லிங்க்குக்கு முன்னால் வரட்டும். எம்பி-யில் பி சின்ன எழுத்து. பெரிய எழுத்தானால் பைட் ஆகி வேகம் எட்டு மடங்காகும். அப்புறம் என்0-வில் யுடிபி ஏஜென்ட், அதன் மேல் சிபிஆர், என்1-ல் வருவதை வாங்கிக்கொள்ளும் நல் ஏஜென்ட், இரண்டுக்கும் கனெக்ட். பாக்கெட் 500 பைட், இடைவெளி 0.005 விநாடி, 0.5-ல் ஸ்டார்ட், 4.5-ல் ஸ்டாப், 5.0-ல் ட்ரேஸை ஃப்ளஷ் செய்து ஃபைலை மூடும் ஃபினிஷ்.

ஓட்டுவதற்கு முன் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 500 பைட் என்றால் 4,000 பிட். 1 எம்பி லிங்க்கில் ஏற 4 மில்லி விநாடி, கடக்க 10. ஆக 0.5-ல் கிளம்பிய பாக்கெட் 0.514-ல் சேர வேண்டும். ட்ரேஸ் ஃபைலில் ஆர் என்று தொடங்கும் முதல் வரியின் இரண்டாவது பத்தியைப் பாருங்கள், அதேதான் இருக்கும். என்ஏஎம் (நாம்) என்ற அனிமேஷன் அழகுதான், ஆனால் அதைப் பார்த்து யாரும் எதையும் சரிபார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்து இடைவெளியை 0.003 ஆக்குங்கள். விநாடிக்கு சுமார் 333 பாக்கெட் வரும், 250 தான் போகும். மிச்சம் 83 வரிசையில் சேரும். வரிசையின் இயல்பான அளவு 50 என்பதால் 0.6 விநாடியில் நிரம்பிவிடும். அதனால் டி என்று தொடங்கும் முதல் வரி, அதாவது முதல் டிராப், 1.1-ஐ ஒட்டி வரும்.

அதன் பிறகு யுடிபி-யை டிசிபி ஆகவும், நல்-ஐ டிசிபிசிங்க் ஆகவும், சிபிஆரை எஃப்டிபி ஆகவும் மாற்றிப் பாருங்கள். டி வரி ஒன்றுகூட வராது. டிசிபியின் இயல்பான விண்டோ, அதாவது பதில் வரும் முன் அனுப்பக்கூடிய பாக்கெட் எண்ணிக்கை, 20 தான். 50 பாக்கெட் நிற்கும் வரிசையை அதனால் நிரப்ப முடியாது. விண்டோவை 60 ஆக்கி மறுபடி ஓட்டினால் டி வரிகள் வரும்.