வார்ப்பு எஃகுக்கு நார்மலைசிங்: கடிகாரத்தை எப்போது ஓடவிடுவது?

வால்வு பாடிகளுக்கு அதிகம் வார்ப்பது டபிள்யூ.சி.பி. (WCB) என்ற கார்பன் எஃகுதான். கார்பன் 0.30 சதவீதம் தாண்டக் கூடாது. இழுவிசை வலிமை 485 முதல் 655 மெகாபாஸ்கல், நீட்சி குறைந்தது 22 சதவீதம். எங்கள் பட்டறையில் ஒரு லாட்டுக்கு வலிமை சரியாக வந்தது, நீட்சி மட்டும் 17-ல் நின்றுவிட்டது. நார்மலைசிங்கில், அதாவது காஸ்டிங்கை (வார்ப்பை) நன்றாகச் சூடேற்றிக் காற்றில் ஆறவிடும் முறையில், அதைச் சரிசெய்த வழி இது.

முதலில் வார்த்தபடி இருக்கும் துண்டு ஒன்றைப் பாலிஷ் செய்து, 2 சதவீத நைட்டலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) சில நொடி நனைத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். அச்சுக்குள் மெதுவாக ஆறியதால் கிரெயின்கள் (உலோகப் படிகங்கள்) பெரிது பெரிதாக இருக்கும். அவற்றின் ஓரத்திலிருந்து வெள்ளை ஃபெரைட் (கார்பன் மிகக் குறைந்த மென்மையான இரும்பு) ஊசி ஊசியாக உள்ளே இறங்கியிருக்கும். விட்மன்ஸ்டாட்டன் அமைப்பு என்பது இதுதான். இது இருந்தால் காஸ்டிங் அடி தாங்காது.

அடுத்து, காஸ்டிங்குகளை இடைவெளி விட்டு ஃபர்னஸில் வைத்து 910 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றுங்கள்.

இனி சோக்கிங், அதாவது அந்தச் சூட்டிலேயே வைத்திருப்பது. ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. நான் மீட்டர் 910 காட்டியதுமே நேரத்தை எண்ணத் தொடங்கினேன். அதுவும் ஒரு அங்குலச் சுவருக்கு. ஃபிளேன்ஜோ மூன்று அங்குலம், டெஸ்ட் பார் (வலிமையும் நீட்சியும் சோதிக்கும் துண்டு) குவியலின் நடுவில். மீட்டர் சொல்வது ஃபர்னஸின் சூட்டை, காஸ்டிங்கின் சூட்டை அல்ல. இந்த எஃகு முழுதும் ஆஸ்டெனைட்டாக (அதிகச் சூட்டில் வரும் படிக அமைப்பு) மாற சுமார் 830-ஐத் தாண்ட வேண்டும். அப்படி மாறினால்தான் பழைய கிரெயின் அழிந்து புதிது சிறிதாகப் பிறக்கும். இப்போது தடித்த காஸ்டிங்கிலேயே ஒரு கே-டைப் தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் கம்பி) கட்டிவிடுகிறேன். அது 910 தொட்ட பிறகே கடிகாரம். இந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள்.

பிரினெல் கடினத்தன்மை எண்ணை மட்டும் பார்த்து லாட்டை அனுப்பவும் வேண்டாம். தேறாத அந்த லாட்டிலும் கடினத்தன்மை சரியாகவே இருந்தது.

அப்புறம் வெளியே எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்க்காமல் பரப்பி, காற்றில் ஆறவிடுங்கள். ஃபர்னஸுக்குள்ளேயே ஆறவிட்டால் அது அனீலிங். பெர்லைட் (ஃபெரைட்டும் இரும்புக் கார்பைடும் மாறி மாறி அடுக்கிய பகுதி) தடித்து வலிமை குறையும். சரியாக வந்த துண்டில் ஊசிகள் இருக்காது, சிறு சிறு ஃபெரைட்டும் பெர்லைட்டும் கலந்து தெரியும்.

பின்சேர்க்கை: கிரஷர் ஜாவுக்கும் (கல் உடைக்கும் இயந்திரத்தின் தாடைத் தகடு) இதே முறையா என்று இருவர் கேட்டிருந்தார்கள். கூடாது. அது 11 முதல் 14 சதவீதம் மாங்கனீஸ் உள்ள எஃகு. காற்றில் ஆறவிட்டால் கிரெயின் எல்லையில் கார்பைடு படிந்து உடையும். சுமார் 1050 டிகிரியிலிருந்து நேராகத் தண்ணீரில் இறக்குங்கள். அந்த எஃகுக்கு உறுதி அப்படித்தான் வரும்.