வெட்டின கட்டியை எறிந்துவிடாதீர்கள்

கையுறை போடு, கை கழுவு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். உள்ளே இருக்கிற புற்றுநோய் சில பேருக்குத் தோலில் கட்டியாகத் தலைகாட்டும், அபூர்வமாக அதுதான் முதல் தடயமே. அந்த இடத்தில் எங்கள் தலைமுறை கோட்டைவிட்ட மாதிரியே, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கிளினிக்குகளுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கச்சிகளும் விடுகிறார்கள்.

வெட்டினால் அனுப்பு

செம்பனைக் குலை வெட்டுகிற அண்ணன் ஒருவர். உச்சந்தலையில் கட்டி, செக்கச்செவேல் என்று, தொட்டால் கெட்டி, வலி கிடையாது. "மட்டை முள்ளு குத்தினது சார்" என்றார். நம்ம ஊரில் எந்தக் கட்டிக்கும் முள்தானே காரணம்! ஒரு கிளினிக்கில் மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி, ரத்தம் நிற்காமல் ஒழுகியதும் அவசரமாகத் தையல் போட்டு, கட்டியை மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையில் எறிந்துவிட்டார்கள். சில மாதத்தில் அதே இடத்தில் திரும்ப முளைத்தது. இந்த முறை வெட்டின துண்டு பரிசோதனைக்கு ஈப்போவுக்குப் போனது. முடிவு, சிறுநீரகப் புற்றுநோய். அது தலைத்தோலுக்குப் பரவுவது உண்டு, அந்தக் கட்டிகளில் ரத்தக் குழாயும் அதிகம். ஒழுகின ரத்தத்தைப் பார்த்தாவது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான். துண்டு கெட்டுப்போகாமல் வைக்கிற மருந்துத் தண்ணீர், ஃபார்மலின், ஒரு போத்தல் என்ன விலை? துண்டைப் போலப் பத்து மடங்கு ஊற்றி, பெயரை மூடியில் எழுதாமல் (மூடி மாறும்) போத்தல் மேலேயே ஒட்டி, எங்கே வெட்டினது, எவ்வளவு நாளாக இருந்தது என்று தாளில் எழுதி அனுப்பினால் முடிந்தது வேலை. பெரும்பாலும் சாதாரணக் கட்டி என்றுதான் பதில் வரும். வரட்டுமே.

தொப்புளில் கெட்டி முண்டு

குடலிறக்கம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வயிறு, குடல், கணையம், சினைப்பைப் புற்று அங்கே வந்து நிற்கும். அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் மேயோவுக்கு அறுவையில் உதவிய கன்னியாஸ்திரி சிஸ்டர் மேரி ஜோசப் கவனித்துச் சொன்னது இது. 1949-இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி அந்த சிஸ்டர் பெயரையே அதற்கு வைத்தார்.

மார்பில் பரவும் சிவப்பு

காய்ச்சல் இல்லை, ஆன்டிபயாட்டிக்கும் கேட்கவில்லையா? அதுவும் புற்றாக இருக்கலாம். இரண்டாம் முறை எழுதாதீர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

வலிக்கவில்லை என்றால் நல்லது என்று நினைப்பது

இல்லை.

பழைய கதையைக் கேட்காமல் விடுவது

"வியாதி ஏதும் இருக்கா" என்றால் பாட்டிமார் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள். "ஆப்பரேஷன் ஏதும் பண்ணியிருக்கீங்களா பாட்டி" என்று கேளுங்கள். மார்பகம் எடுத்துப் பல வருஷம் ஆனவர்களுக்கும் அந்தத் தழும்பு ஓரத்தில் கட்டி வரலாம். அது தையல் போட்ட தடிப்பு என்று அவரே சொன்னாலும் சரி, ஒரு பெண் நர்ஸைக் கூப்பிட்டு, ரவிக்கையை விலக்கித் தொட்டுப் பாருங்கள்.