பருத்தியில் விளைந்தும் மிஞ்சாதது ஏன்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காடு வெள்ளையாய் வெடித்து நிற்கும். ஆனால் கடனை அடைத்துவிட்டுப் பார்த்தால் சிறு விவசாயியின் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. பூச்சியும் மழையும் நம் கையில் இல்லை. கணக்கு மட்டும் நம் கையில்தான் இருக்கிறது.

விதைக்கும்போது விதை, உரம், மருந்து வரைக்கும் எல்லோரும் கூட்டிப் பார்க்கிறார்கள். எடுப்புக் கூலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பருத்தி ஒரே நாளில் அறுத்து முடிக்கிற பயிர் இல்லை. காய்கள் வாரக்கணக்கில் அடுத்தடுத்து வெடிக்கும். கையால் எடுப்பவர்கள் மூன்று நான்கு முறையாவது காட்டில் இறங்க வேண்டும். உழவுச் செலவு விளைச்சலைப் பார்த்து மாறாது. எடுப்புக் கூலி விளைச்சலோடு சேர்ந்தே ஏறும்.

கடைசி எடுப்புதான் பலரை ஏமாற்றுகிறது. ஒரு கிலோவுக்கு 100 ரூபாய் கிடைக்கிறது, ஒரு நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் எடுப்பில் ஓர் ஆள் 40 கிலோ எடுத்தால் கிலோவுக்குக் கூலி 15. கடைசியில் காய் குறைந்துவிடும். அதே ஆளால் 12 கிலோதான் எடுக்க முடியும். இப்போது கிலோவுக்குக் கூலி 50. கறை படிந்த கொட்டுப் பருத்திக்கு விலையும் 60 ஆகிவிட்டால் மிஞ்சுவது வெறும் 10. அந்தப் பத்துக்காகப் பயிரை நிறுத்தி வைத்தால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பெருகும். விட்டுப்போன காய்களுக்குள் அது உறங்கிக் கிடந்து அடுத்த பருவத்துக்கும் வரும். காலத்தோடு எடுப்பை முடித்துப் பருத்திமாரை, அதாவது எடுப்பு முடிந்து நிற்கும் செடிகளை, அப்புறப்படுத்துவது, என் பார்வையில், பல நேரம் அதிக லாபம்.

வீட்டு ஆட்களின் உழைப்பை எழுதாமல் விடுவது அடுத்த தவறு. களை எடுத்ததும், முளைக்காத இடங்களில் மறுபடி விதை ஊன்றிப் பாடுவாசி நிரப்பியதும், விடிய விடியத் தண்ணீர் கட்டியதும் செலவுதான். பெரும்பாலும் பெண்கள் செய்யும் இந்த வேலைக்குக் கூலி போடாமல் லாபம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நல்ல வருஷத்து விலையை நம்பி இறங்குவதும் ஆபத்து. 2011 மார்ச்சில் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு பஞ்சு 2 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே போனது. நம் காட்டில் எடுப்புக்கு முந்தைய செலவு 60,000 ரூபாய், கிலோவுக்கு விலை 100, எடுப்புக் கூலி 20 என்றால் போட்டதை எடுக்க 750 கிலோ வேண்டும். விலை 80 ஆனால் 1,000 கிலோ வேண்டும். விலை ஐந்தில் ஒரு பங்கு இறங்கியதற்கே விளைச்சல் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டியிருக்கிறது! இந்தக் கணக்கை விதைக்கும் முன்பே போடுங்கள்.

சரி, அந்த நியூயார்க் விலை பஞ்சுக்கானது. விவசாயி விற்பது கொட்டையோடு சேர்ந்த பருத்தி. ஆலையில் அரைத்துக் கொட்டையைப் பிரித்தால் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதியில் பெரும்பகுதி கொட்டை. இரண்டு விலையையும் நேராக ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பி.டி. ரகம் என்பதால் மருந்துச் செலவே இருக்காது என்றும் எண்ண வேண்டாம். அதிலுள்ள நஞ்சு காய்ப்புழுக்களுக்கானது. தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சிகளைத் தடுக்காது. சில இடங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவே அதற்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது. அதற்காக நாள் குறித்து மருந்து அடிப்பதும் வீண். நன்மை செய்யும் பூச்சிகள் செத்துப்போய், வெள்ளை ஈ இன்னும் கூடும். இலையைத் திருப்பிப் பார்த்து, எண்ணிக்கை கூடினால் மட்டும் அடியுங்கள்.

எடுத்த பருத்தியிலும் பணம் போகும். பனி உலர்ந்த பிறகு எடுங்கள். ஈரமாக எடுத்தால் எடை கூடியதுபோலத் தெரியும்; வாங்குபவர் ஈரத்தைப் பார்த்துக் கழிப்பார், குவித்து வைத்தால் நிறமும் கெடும். பிளாஸ்டிக் சாக்குக்குப் பதில் பருத்தித் துணியில் கட்டுங்கள். சாக்கின் ஒரு சிறு இழை பஞ்சில் கலந்தாலும் சாயம் ஏறாமல் துணியில் தனியாகத் தெரியும்.