இறந்து மீளும் பரிசோதனைக் கதையைத் திரைக்கதையாக எழுதும் முறை

மருத்துவ மாணவர்கள் சிலர் இரவில் இரகசியமாகக் கூடி, தங்களுள் ஒருவரின் இதயத்தை நிறுத்தி, சாவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அவரைப் பார்த்துவரச் செய்து, மீண்டும் உயிர்ப்பிக்கிறார்கள். 1990இல் ஜோயல் ஷூமாக்கர் இயக்கிய பிளாட்லைனர்ஸ் திரைப்படத்தின் கரு இதுதான். இதே களத்தில் புதிதாக எழுத விரும்புவோர் திரும்பி வருபவரைத் தொடரும் பேயின் உருவத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் கடிகாரத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எத்தனை நிமிடம் இறந்திருக்கலாம் என்ற கணக்கு கறாராக இருந்தால்தான், அதை ஒருவர் மீறும்போது பார்வையாளருக்கு வயிற்றைக் கலக்கும்.

கணக்கின் அடிப்படை எளியது. இதயம் நின்ற சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். ஏறத்தாழ நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குப் பிறகு, ஆக்சிஜன் இல்லாத மூளையில் பாதிப்பு தொடங்கும். உடல் கடுங்குளிரில் இருந்தால் இந்த எல்லை நீளும். 1999இல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் ஓடிய நீரில் சிக்கிய ஒரு பெண் மருத்துவர், உடல் வெப்பநிலை 13.7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிய பின்னரும் பிழைத்தார். பிளாட்லைனர்ஸ் மாணவர்களும் உடலைக் குளிரவைத்தே சோதனையைத் தொடங்குகிறார்கள். பிறகு, யார் கூடுதல் நேரம் இறந்திருப்பது என்று ஏலம் கேட்பதுபோல் போட்டி போடுகிறார்கள். உங்கள் கதையில் ஒவ்வொரு சோதனையும் முந்தையதைவிட நீள வேண்டும். நீள்வதற்கான காரணம் பாத்திரத்தின் கர்வமாகவோ ஆசையாகவோ இருக்க வேண்டும்.

உயிர்ப்பிக்கும் காட்சியைத்தான் பலர் பிழையாக எழுதுகிறார்கள். இதயத் துடிப்பைக் காட்டும் ஈசிஜி திரையில் கோடு நேராகிறது, உடனே மார்பில் ஷாக் கொடுக்கிறார்கள், நோயாளி துள்ளி விழுகிறார். உண்மையில் ஈசிஜி கோடு முற்றிலும் நேராகிவிட்டால் ஷாக் பயன்படாது. இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றித் துடிதுடிக்கும் நிலை போன்ற சில கோளாறுகளுக்கே அது உரியது. நேர்கோட்டுக்கு முறையான சிகிச்சை மார்பு அழுத்தமும் அட்ரினலின் என்ற மருந்தும்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும்; விலா எலும்பு முறிவதும் உண்டு. கோடு நடுங்கத் தொடங்கிய பிறகே ஷாக். அதைக் கொடுத்த கையோடு திரையைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் இரண்டு நிமிடம் தொடர்ந்து அழுத்திவிட்டுத்தான் துடிப்பு திரும்பியதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு நிமிடம் திரைக்கதை எழுதுபவருக்குக் கிடைத்த பெரும் வரம். அழுத்துபவர் களைத்து இன்னொருவருக்கு இடம் விடுகிறார், வியர்வை சொட்டுகிறது, ஒருவர் உரக்க எண்ணுகிறார், மற்றொருவர் "போதும், போலீசுக்குச் சொல்லிவிடலாம்" என்கிறார், விடையோ எவருக்கும் தெரியாது. இதை வெட்டாமல் ஒரே காட்சியாக எழுதுங்கள்.

அடுத்து, இறந்தவர் எதைக் காண்கிறார்? சாவின் விளிம்புவரை சென்று மீண்டவர்களின் அனுபவங்களைத் தொகுத்து அமெரிக்கரான ரேமண்ட் மூடி 1975இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு குகைவழியும் பேரொளியும் உலகெங்கும் பழகிப்போயின. 1983இல் மனநல மருத்துவர் புரூஸ் கிரேசன் இத்தகைய அனுபவங்களை அளக்கப் பதினாறு கேள்விகள் கொண்ட அளவுகோலை வகுத்தார். அதைப் படித்தால், நேரம் நின்றுபோவது, உடலைவிட்டு விலகியிருப்பது, திரும்ப முடியாத எல்லையை அடைவது போன்ற கூறுகள் ஒரே இடத்தில் கிடைக்கும். இந்தியர்களின் அனுபவம் வேறு வகை. ஆய்வாளர்கள் சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 1986இல் வெளியிட்ட பதினாறு இந்திய நிகழ்வுகளில், எமதூதர்கள் வந்து அழைத்துச் செல்வதும், ஏட்டைப் புரட்டிப் பார்ப்பவர் "ஆள் மாறிவிட்டது" என்று திருப்பியனுப்புவதும் இடம்பெறுகின்றன. நம் ஊர்ப் பாத்திரத்தை எழுதுபவர் இரவல் குகைவழியை விட்டுவிட்டு இந்த ஏட்டைக் கையில் எடுக்கலாம்: தனக்குப் பதிலாகப் போக வேண்டியவர் யார் என்பது திரும்பி வந்தவருக்குத் தெரிந்திருந்தால் கதை தானே நகரும்.

இதயம் நின்றவர்களைப் பற்றி மருத்துவர் சாம் பார்னியா குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வும் எழுதுபவருக்கு உதவும். மேலே மிதக்கிறவருக்கு மட்டுமே தெரியும்படி மருத்துவமனை அறைகளின் உயரத்தில் அலமாரிகள் அமைத்துப் படங்களை வைத்திருந்தார்கள். ஆனால் நடந்ததைக் கண்டதாக விவரித்த இருவருக்கும் இதயம் நின்றது அந்த அலமாரிகள் இல்லாத இடங்களில். விடை கிடைக்காத அந்த இடைவெளியில்தான் உங்கள் கதை நுழையலாம்.

திரும்பி வருகிறவரோடு கூடவே எது வருகிறது என்பது அடுத்த முடிவு. பிளாட்லைனர்ஸில் அது பழைய குற்றம்: சிறுவயதில் ஒரு பையனின் சாவுக்குக் காரணமான நெல்சன் என்ற மாணவனை அந்தப் பையனே துரத்தி அடிக்கிறான்; இன்னொரு மாணவனான டேவிட் பள்ளியில் தான் கேலிசெய்த பெண்ணைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறான். ஜூலியா ராபர்ட்ஸ் ஏற்ற ரேச்சல் பாத்திரம்தான் மூன்றிலும் ஆழமானது; தந்தையின் தற்கொலைக்குத் தானே காரணம் என்று சிறுமிப் பருவம் முதல் அவள் சுமந்த பழி உண்மையில் அவளுடையதே அல்ல. எல்லோருக்கும் ஒரே வகைக் குற்றத்தைக் கொடுக்காதீர்கள். ஒருவருடையதாவது மன்னிப்புக் கேட்டுத் தீர்க்க முடியாததாக இருக்கட்டும். 2017இல் வந்த மறு ஆக்கம் திரும்பி வந்தவர்களுக்குக் கூடுதல் திறமைகளையும் அளித்தது. அந்தக் குதூகலம் அச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

பேய் அடித்தால் காயம் நிஜமா, அருகிலிருப்பவர் கண்ணுக்கு அது தெரியுமா என்பதை முதல் வரைவிலேயே எழுதிவைத்துக் கடைசிவரை மாற்றாமல் காப்பாற்றுங்கள். சோதனைக்குப் படுக்க மறுத்து, வெளியிலிருந்தே எல்லாவற்றையும் பார்க்கும் ஒருவரும் அவசியம் தேவை.

மருந்தின் அளவையோ இதயத்தை நிறுத்தும் வழிமுறையையோ வசனத்தில் துல்லியமாகச் சொல்லாதீர்கள். பார்த்துச் செய்யத் துணிபவர் ஒருவர் இருந்தாலும் ஆபத்து. படப்பிடிப்பில் நடிகரின் மார்பை ஒருபோதும் உண்மையாக அழுத்தக் கூடாது. நெருக்கக் காட்சிக்குப் பயிற்சிப் பொம்மையையும், ஷாக் காட்சிக்கு மின்சாரம் ஏறாத போலிக் கருவியையும் பயன்படுத்த வேண்டும் என்பதைத் திரைக்கதைக் குறிப்பிலேயே எழுதி, தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் ஒரு மருத்துவரிடம் படிக்கக் கொடுத்த பிறகு இறுதிப் படியைத் தயாரியுங்கள்.