காலிமுகத்திடலில் என்டி பில்டர்: இருட்ட முன் 20 நிமிடம்

அலையை நூலாகவோ புகையாகவோ காட்ட ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும்; அதற்காக வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடிதான் என்டி (நியூட்ரல் டென்சிட்டி) பில்டர். கொழும்பின் கரை மேற்கைப் பார்த்தது. சூரியன் கடலுக்குள்தான் இறங்கும், அதுவும் கிட்டத்தட்ட நேராக. நிலநடுக்கோட்டிலிருந்து 7 பாகைதான் தூரம் என்பதால் அந்தி இங்கே நீளாது. சூரியன் மறைந்து சுமார் 20 நிமிடத்தில் நல்ல வெளிச்சம் போய்விடும். குளிர்நாட்டுக் கடற்கரைகளுக்கு எழுதிய பாடங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் சறுக்குவது இங்கேதான்: பில்டரைத் திருகி, ஷட்டரை எவ்வளவு நேரம் திறப்பது என்று கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கணக்கு பழசாகியிருக்கும்.

பில்டர் லென்ஸுக்குப் போடும் கூலிங் கிளாஸ் மாதிரி. நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்க வேண்டும். ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதி. என்டி8 என்பது 3 ஸ்டொப், என்டி64 என்பது 6, என்டி1000 என்பது 10. சில கம்பனிகள் இவற்றையே 0.9, 1.8, 3.0 என்று எழுதும். குழம்ப வேண்டாம், 0.3 ஒரு ஸ்டொப்.

ஒன்றுதான் வாங்கக் காசு இருக்கிறது என்றால் என்டி64ஐ வாங்குங்கள். எல்லோரும் முதலில் என்டி1000க்குத்தான் ஓடுவார்கள். ஆனால் சூரியன் மறையும் நேரத்தில் ஐஎஸ்ஓ (கமராவின் வெளிச்ச உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப்11இல் பில்டர் இல்லாமல் ஷட்டர் நேரம் 1/60 செக்கன் அளவில் வரும். என்டி64 போட்டால் அது 1 செக்கன். பாறையிலிருந்து வழிந்து திரும்பும் நுரை நூல் நூலாக விழுவது இந்த 1/2 முதல் 1 செக்கனுக்குள்தான். சூரியன் மறைந்து பத்து நிமிடத்தில் பில்டர் இல்லாத நேரம் 1/4 செக்கனுக்கு வந்திருக்கும். அதே பில்டரில் 16 செக்கன், கடல் புகையாகத் தொடங்கும். என்டி1000 பகலுக்கும், முகிலை இழுத்துக் கோடாக்கும் 2, 3 நிமிடப் படங்களுக்கும்.

உங்களிடமுள்ள மிகப் பெரிய லென்ஸின் விட்டத்துக்கு வாங்கி, சின்ன லென்ஸுகளுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளலாம். திருப்பித் திருப்பிக் கருமையைக் கூட்டும் வேரியபிள் பில்டர் வசதிதான், ஆனால் அதற்குள் இருப்பது இரண்டு போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி). அகல லென்ஸில் கடைசிவரை திருப்பினால் வானத்தின் குறுக்கே கறுப்புச் சிலுவை விழும்.

இடத்துக்கு அரைமணி நேரம் முன்னே போய்விடுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கமராவை எடுத்தால் ஈரக் காற்று பட்டு லென்ஸ் வேர்க்கும். அந்த வேர்வை பில்டருக்கும் லென்ஸுக்கும் இடையில் அகப்பட்டால் லேசில் போகாது. பையைத் திறந்து 20 நிமிடம் காற்றாட விடுங்கள். அதற்குள் இறால் வடை சாப்பிடலாம்தான், ஆனால் அந்த எண்ணெய்க் கையோடு பில்டரைத் தொடாதீர்கள்.

ட்ரைபொட்டை மணலில் வெறுமனே வைத்தால் ஒவ்வொரு அலைக்கும் சில மில்லிமீற்றர் இறங்கும். அடிவானம் இரட்டைக் கோடாவது அதனால்தான். கால்களை அழுத்திப் புதையுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடுகிறது. ரயில் வருகிறதென்றால் அது போய் அதிர்வு அடங்கும்வரை ஷட்டரைத் திறக்க வேண்டாம். ட்ரைபொட்டைத் தண்டவாளத்தில் நிறுத்தும் பைத்தியக்காரத்தனமும் வேண்டாம்.

பில்டர் போடுமுன் சட்டகத்தைத் தீர்மானித்து, ஃபோகஸ் செய்து, உடனே ஃபோகஸை மனுவலுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் இருட்டில் கமரா மீண்டும் ஃபோகஸைத் தேடி அலையும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசரை நிறுத்துங்கள். கமரா திருத்தாத ரோ (RAW) கோப்பில் எடுங்கள். எஃப்16ஐத் தாண்டாதீர்கள், கூர்மை கரையும். பிறகு பில்டரை மெதுவாகத் திருகுங்கள். இறுக்கித் திருகினால் கழற்றும்போது ஃபோகஸ் வளையமும் சேர்ந்து சுழலும்.

என்டி1000க்குக் கணக்கே போடாத ஒரு வழி உண்டு. பில்டரோடு, ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். 1 செக்கனில் சரியாக வந்தால், ஐஎஸ்ஓ 100இல் 64 செக்கன். பில்டரில் எழுதியது 10 ஸ்டொப், உண்மையில் பத்தரை என்றாலும் இந்த வழியில் கணக்கு தவறாது. 30 செக்கனுக்கு மேலே என்றால் பெரும்பாலான கமராக்களில் பல்ப் முறையும் (நாம் மூடும்வரை ஷட்டர் திறந்திருக்கும்) ரிமோட்டும் தேவை.

சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் கிட்டத்தட்ட 3 நிமிடத்துக்கு ஒரு ஸ்டொப் என்ற வேகத்தில் விழும். அப்போது 2 நிமிடக் கணக்கு வந்தால் 3 நிமிடம் திறந்து வையுங்கள். 4 நிமிடத்தைத் தாண்டுகிறதென்றால் துரத்தாதீர்கள். என்டி1000ஐக் கழற்றி என்டி64ஐப் போடுங்கள். நீண்ட எக்ஸ்போஷரில் வரும் புள்ளிகளைக் கமராவே நீக்கும் நொய்ஸ் ரிடக்ஷன், எடுத்த அளவு நேரத்தை மறுபடியும் தின்னும்: 3 நிமிடப் படத்துக்கு 6 நிமிடம். 20 நிமிட அந்தியில் அதற்கு இடமில்லை, நிறுத்திவிடுங்கள்.

படத்தின் நடுவில் ஊதா மங்கல் தெரிந்தால், டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் வழியே வெளிச்சம் நுழைகிறது. கறுப்பு டேப் ஒட்டுங்கள். கறுப்புப் பாறை செம்பழுப்பாக வந்தால், மலிவான பில்டர் அகச்சிவப்பைத் தடுக்கவில்லை. வைட் பலன்ஸ் மாற்றினாலும் அது முழுதாகப் போகாது. துறைமுகத்துக்குக் காத்து நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் அலையில் ஆடிக் கிறுக்கலாக விழும்; பிடிக்காவிட்டால் அவற்றைச் சட்டகத்துக்கு வெளியே வையுங்கள்.

மே முதல் செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்றில் உப்புத்தூறல் நிற்காது. சொட்டு விழுந்த பில்டரைச் சேட்டால் துடைத்தால் உப்புப் பளிங்கு பில்டரின் மேற்பூச்சைக் கீறலாம். படத்துக்குப் படம் சொப்பிங் பேக்கால் மூடுங்கள். சொட்டுகளை ஊதுபந்தால் தள்ளி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பில்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, மைக்ரோஃபைபரால் துடையுங்கள். ட்ரைபொட்டின் கால்களை முழுதாக நீட்டிப் பைப்பின் கீழே பிடித்து, நீட்டியபடியே காய விடுங்கள். மடக்கி வைத்தால் உள்ளே தங்கிய உப்பும் மணலும் பூட்டுகளைக் கௌவிக்கொள்ளும்.