ஆள் நிக்கிறதில்லையா? கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்கள் செய்யும் சில தவறுகள்

இலங்கை மலையகத்தில், நுவரெலியாவிலோ எல்லவிலோ கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் யாரிடம் பேசினாலும் பத்து நிமிஷத்துக்குள் இந்தப் பேச்சு வந்துவிடும்: "இப்ப உள்ள பையன்கள் ஒரு இடத்துல நிக்கிறதே இல்லை. கொழும்பு, டுபாய்ன்னு ஓடிடுறாங்க." நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் அதற்கு முன்னால் எட்டு வருஷம் நானும் ஒரு இடத்தில் ரூம் பையனாக நின்றேன். அதனால் மறுபக்கமும் தெரியும்.

அந்த இடத்தில் 4ஆம் நம்பர் அறையின் கீசருக்கு ஒரு குணம். மற்ற அறைகளில் பத்து நிமிஷத்தில் தண்ணீர் சுடும். இதில் முக்கால் மணி நேரம் ஆகும். என்னோடு இருந்த ஒரு பையனுக்கு அது அத்துபடி. விடியற்காலை ஐந்து மணிக்குச் சமையலறைக்குப் போகிற வழியிலேயே வெளியே இருக்கும் ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போவான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, அவனும் யாரிடமும் சொன்னதில்லை. அவன் வேலையை விட்ட அடுத்த வாரம், ஜனவரிக் குளிரில், ஒரு குடும்பம் பச்சைத் தண்ணீரில் நின்றது. முதலாளி அவர்களுக்கு முன்னாலேயே புதுப் பையனைப் பிடித்து ஏசினார். அவனும் அந்த மாதச் சம்பளத்தோடு போய்விட்டான். சேவை சரியில்லை என்று விருந்தாளிகள் எழுதுவதில் பாதி இப்படி வருவதுதான். விஷயம் தெரிந்த ஆள் போயிருப்பான். அவனுக்குத் தெரிந்ததும் அவனோடு போயிருக்கும்.

சரி, அவன் ஏன் போனான்? சம்பளம் குறைவென்று இல்லை. பில்லில் 10 சதவீதம் சேர்விஸ் சார்ஜ் எடுப்பார்கள், அதில் எங்களுக்குப் பங்கு. ஏப்ரல் சீசனில் ஒரு அறை காலியில்லை. இரவு பதினொரு மணி வரை நின்றோம். கைக்கு வந்த பங்கோ ஆளில்லாத மாதத்துப் பங்கை விடக் கொஞ்சம்தான் கூட. எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டான். "உனக்கு எதுக்கு அந்தக் கணக்கு?" என்று பதில் வந்தது.

முதலாளி காசை எடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். உடைந்த கிளாஸ், கிழிந்த பெட்ஷீட் என்று கழித்திருப்பார். ஆனால் கேட்டவன் யார்? தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ வெட்டுப்படுவதை அம்மா வாயால் தினமும் கேட்டு வளர்ந்த பிள்ளை. கணக்கை மறைத்தால் அவன் வேறெப்படி நினைப்பான்? இப்போது நான் நடத்தும் ஆறு அறை இடத்தில், மொத்தம் எவ்வளவு, எதற்குக் கழித்தோம், எத்தனை பேருக்குப் பங்கு என்று மாதா மாதம் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுகிறேன். ஒருமுறை கூட்டலில் பிழை விட்டேன்; பாத்திரம் கழுவுகிற அக்காதான் கண்டுபிடித்தார்.

தோட்டத்துப் பழக்கத்தை அப்படியே கொண்டுவருவது இன்னொரு தவறு. பதினைந்து நிமிஷம் பிந்தி வந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். பின்னாலேயே கங்காணி மாதிரி ஒரு சூப்பர்வைசர். படுக்க, சமையலறைக்குப் பின்னால் ஒரு தகர அறை, அதில் ஆறு பேர். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை வேண்டாமென்றுதான் அந்தப் பையன் டவுனுக்கே வந்தான். அவனை இன்னொரு லயத்தில் போட்டுவிட்டு, விருந்தாளியைப் பார்த்துச் சிரி என்றால் எங்கிருந்து சிரிப்பு வரும்?

ட்யூட்டி நேரம் போடுகிறவர்கள் பஸ் நேரத்தைப் பார்ப்பதே இல்லை. தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் ஏழு மணிக்கென்றால், எட்டு மணிக்கு வேலை முடிகிற பிள்ளை என்ன செய்யும்? ஆட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய சம்பளத்தில் பாதி போய்விடும். வீட்டிலும் விடமாட்டார்கள். "பொம்பளப் பிள்ளைகள் நிக்க மாட்டாங்க" என்பவர்கள் ஒருதடவை அந்த பஸ் ஸ்டாண்டில் போய் நின்று பார்க்க வேண்டும்.

லீவு விஷயத்தில் ஏப்ரல்தான் சிக்கல். சித்திரைப் புத்தாண்டு தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே நாள், நுவரெலியாவில் சீசன் உச்சமும் அதே நாட்கள். யாரை யாருக்கு மாற்றுவது? அந்த நாட்களுக்குக் கூடுதல் காசும், மே மாதத்தில் சம்பளத்தோடு சேர்ந்தாற்போல் லீவும் கொடுத்துவிடுங்கள். அதையும் பெப்ரவரியிலேயே பேசி முடியுங்கள். மற்ற நாட்கள் சுலபம். தீபாவளிக்குச் சிங்களப் பையன்கள் நிற்பார்கள், பௌத்தர்களின் வெசாக்குக்கு நம் தமிழ்ப் பையன்கள். தோட்டத்துத் திருவிழாவுக்குக் கேட்டால் மட்டும் இல்லையென்று சொல்லாதீர்கள். எப்படியும் போகத்தான் போகிறான், திரும்பி வருவானா என்பதுதான் கேள்வி.

ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதியைப் (ஈ.பி.எஃப்.) பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சம்பளத்தில் முதலாளி 12, ஊழியர் 8 சதவீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) முதலாளி 3 சதவீதம், முதல் நாளிலிருந்தே. "பையன்களே வேணாங்கிறாங்க" என்பது சட்டத்தில் செல்லாது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், ஐந்து வருஷம் முடித்தவருக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு. அந்த ஐந்தாவது வருஷம் வரும் நேரம் பார்த்து ஆளை வெளியே தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். மற்றப் பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

கடைசியாக, போகிறவனை எதிரியாக்குவது. மாதச் சம்பளத்தைப் பிடித்து வைப்பது, சேர்விஸ் லெட்டர் கொடுக்காமல் அலைக்கழிப்பது. போகிற காரணத்தை உங்களிடம் சொல்லமாட்டான், வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் சொல்லுவான். அப்புறம் அந்தத் தோட்டத்திலிருந்து ஒருவரும் வேலை கேட்டு வரமாட்டார்கள். போன வருஷம் கட்டாருக்குப் போன என் பையனுக்கு லெட்டரையும் கொடுத்து, பஸ் ஏற்றியும் விட்டேன். ஆறு மாதம் கழித்து அங்கிருந்து கோல் எடுத்தான். "அண்ணன், தம்பி ஓ.எல். பரீட்சை எழுதிட்டு வீட்டுல சும்மா இருக்கான். எடுப்பீங்களா?" தம்பி இப்போது காலை ட்யூட்டியில் நிற்கிறான்.